எண்ணூறு சதுர அடி வீடும் அடைபட்ட வாயிலும்

இரண்டாம் உலகப் போர் 1945 இல் முடிவுற்று நாடு திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்கள் எதிர்கொண்ட பெரும் பிரச்சினை, குடியிருக்க வீடில்லாமையாகும். அவர்களை இலக்காகக் கொண்டே லெவிட் அன்ட் சன்ஸ் நிறுவனம், நியூயோர்க் நகருக்குக் கிழக்கேயுள்ள லோங் ஐலன்டின் உருளைக்கிழங்கு வயல்களில் 1947 இல் வீடுகளைக் கட்டத் தொடங்கியது. லெவிட்டவுன் எனப் பெயர் பெற்ற அக்குடியிருப்பில் 1951 அளவில் 17,000 இற்கும் அதிகமான வீடுகள் எழுந்துவிட்டன.

அங்கு 1949 இல் விற்பனைக்கு வந்த மாதிரியே 'ராஞ்ச்' வீடு. விலை 7,990 டொலர். 32 அடி நீளம், 25 அடி அகலம். வீதிப்பக்கம் சமையலறை, பின்புறத் தோட்டத்தை நோக்கிப் பெரிய கண்ணாடி யன்னலுடன் வரவேற்பறை. சீமெந்துத் தளத்தினுள் புதைத்த குழாய்களில் ஓடிய வெந்நீர் வீட்டைச் சூடாக்கியது. கூரையின் கீழிருந்த வெளியை மட்டும் பூர்த்தி செய்யாமலே விட்டிருந்தார்கள். பிள்ளைகள் பிறந்தபின் குடும்பத்தவரே அதனை அறைகளாக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

கணக்குப் பிழைக்கவில்லை. முதலில் மேலே அறைகள் வந்தன. பின்னர் கூரை உயர்ந்தது; பக்கத்தில் வாகனக் கொட்டகையும் பின்புறத்தில் புதிய கூடமும் சேர்ந்தன. 60 அடிக்கு 100 அடி நிலம் அதற்கு இடங்கொடுத்தது. லெவிட் வீடுகளைத் திருத்துவதற்கு யோசனை கூறவென்றே 'தௌசன்ட் லேன்ஸ்' என்றொரு சஞ்சிகையும் 1950களில் வெளிவந்தது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள் என்று அறிஞர்கள் பழித்த அந்தக் குடியிருப்பில், மாற்றம் காணாத வீடொன்றைக் கண்டுபிடிப்பது இன்று அரிது.

இந்த வெற்றிக் கதைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. ஆரம்பகால ஒப்பந்தங்களில், வெள்ளையர் அல்லாதோர் அங்கு குடியிருக்கலாகாது என்ற நிபந்தனை இருந்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என 1948 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிபந்தனை எழுத்திலிருந்து மறைந்தது. ஆனால் கறுப்பினத்தவருக்கு விற்க மறுக்கும் வழக்கம் மறையவில்லை. அதே நிறுவனம் பென்சில்வேனியாவில் அமைத்த மற்றொரு லெவிட்டவுனில் 1957 இல் கறுப்பினக் குடும்பமொன்று குடியேறியபோது, கூட்டம் திரண்டு வீட்டின் மீது கல்லெறிந்தது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மத்திய சட்டம் 1968 இலேயே வந்தது.

இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உள்ளே இருந்தவர்கள் அறை மேல் அறையாகச் சேர்த்தார்கள். வீட்டோடு அதன் பெறுமதியும் வளர்ந்து பிள்ளைகளின் முதுசமாயிற்று. அதே போரில் பங்குபற்றித் திரும்பிய கறுப்பின வீரர்களோ வாயிலுக்கு வெளியே நின்றார்கள். வீட்டைத் திருத்திப் பெருப்பிப்பதற்கு முதலில் ஒரு வீடு கையில் இருக்கவேண்டுமே!