பல வண்டியின் பாகம் ஒரு வண்டியான கதை

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர்களிலே, கடையில் விற்கும் விளையாட்டுப் பொருள்கள் அரிதாயிருந்த காலத்தில், சிறுவர் தமக்கு வேண்டிய மோட்டார் வண்டியைத் தாமே செய்துகொண்டனர். வெறுமையான மீன் டின் வண்டியின் உடலாயிற்று. தேய்ந்து கழிந்த இறப்பர்ச் செருப்பு நான்கு சக்கரங்களைத் தந்தது. தென்னோலை ஈர்க்கு அச்சாயிற்று. டின் கடல் கடந்து வந்தது. செருப்பு வேறோர் ஊரிலே செய்யப்பட்டது. ஈர்க்கோ வீட்டு வளவிலே விளைந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இம்மூன்றும் ஒரு சிறுவனின் கையிலே வண்டியாகி மணலில் ஓடின.

இவ்வேலையிலே ஒரு நுட்பம் உண்டு. செருப்பை மனம்போன போக்கில் வெட்டினால் ஒரு சக்கரம் பெரிதாகும், மற்றொன்று சிறிதாகும், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஆதலால், வெட்டுமுன் ஒரு மூடியை வைத்து வட்டம் கீறிக்கொள்ள வேண்டும். பல இடத்துப் பாகங்களை ஒன்றாக்கும் கலைக்கு அளவே உயிர் என்பதை அந்த மூடி கற்பித்தது. இந்தச் சிறு பாடமே கடலுக்கு அப்பால் ஒரு பெருந்தொழிலின் வரலாற்றிலும், இலங்கையின் மோட்டார் வண்டிகளின் வரலாற்றிலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் மோட்டார்த் தொழிலின் தாயகம். அங்கே 1948ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் தோன்றியது. மோட்டார் விற்பனையாளர் தம் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கும் கொடுப்பதற்கும் ஏற்ற சிறு மாதிரி வண்டிகளைச் செய்வதே அதன் முதல் தொழிலாயிருந்தது. பெயரின் முதலெழுத்து அலுமினியத்தைக் குறித்ததாயினும், விரைவிலேயே அந்நிறுவனம் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது. 1958ஆம் ஆண்டில் அது புதியதொரு முறையைக் கொண்டுவந்தது. வண்டியை முழுமையாகச் செய்து விற்பதற்குப் பதிலாக, அதன் பாகங்களை ஒரு பெட்டியில் அடைத்து விற்றது. அதே பெட்டியிலுள்ள பாகங்களைக் கொண்டு தொழிற்சாலையிலிருந்து வந்த தோற்றத்திலோ, தன் விருப்பப்படி மாற்றிய தோற்றத்திலோ, ஓட்டப் பந்தய வண்டியின் தோற்றத்திலோ ஒன்றைக் கட்டலாம்.

மூன்றில் ஒன்றைக் கட்டியதும் மற்ற இரண்டுக்கும் உரிய பாகங்கள் மிஞ்சின. மிஞ்சியவை வீட்டிலே ஒரு பெட்டியில் சேர்ந்தன. அடுத்த ஆண்டு வாங்கிய வண்டியின் உடலுக்குச் சென்ற ஆண்டுப் பெட்டியின் எஞ்சின் பொருந்துமா என்ற கேள்வி தானாகவே எழுந்தது. ஒரு பெட்டியின் உடல், இன்னொரு பெட்டியின் எஞ்சின், வேறொன்றின் சக்கரம் என்று சேர்த்து, எந்தக் கடையிலும் விற்காத ஒரு வண்டியைக் கட்டும் இந்தப் பழக்கத்தை ஆங்கிலத்தில் கிட்பேஷிங் என்பர்.

இது கண்ட கண்ட துண்டுகளை ஒட்டும் வேலையன்று. முதலிலே பசையின்றிப் பாகங்களைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் உயர்ந்து நின்றால் அதைத் தாங்கும் இடத்தைத் தாழ்த்த வேண்டும். அச்சு நீண்டால் அரத்தால் குறைக்க வேண்டும். பின்னரே பசை. இப்பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக உருக்கிவிடுவதால், ஒட்டியபின் பிரித்தல் அரிது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு ஒத்திருக்க வேண்டும். ஏ.எம்.டி. தன் வண்டிகளை உண்மை வண்டியின் 25இல் ஒரு பங்காகச் செய்தது. மொனோகிராம் என்னும் மற்றொரு நிறுவனம் பெரும்பாலும் 24இல் ஒரு பங்கு அளவைக் கைக்கொண்டது. 5 மீற்றர் நீளமான வண்டி முதல் அளவில் 20 சென்ரிமீற்றர். இரண்டாம் அளவில் ஏறக்குறைய 20.8 சென்ரிமீற்றர். நூற்றுக்கு நான்கு என்னும் இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆயின், ஒன்றின் கூரையை மற்றொன்றின் உடலில் வைக்கும்போது விளிம்புகள் கூடமாட்டா. ஓர் அளவு பல நிறுவனங்களுக்குப் பொதுவானபோதுதான் அவற்றின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின.

இவ்வாறு கட்டப்படும் மாதிரிகளுள் பெரிதும் விரும்பப்படுவது மசில் கார் எனப்படும் வலிமிக்க வண்டியாகும். அந்த உண்மை வண்டியே இத்தகையதொரு சேர்க்கையில் பிறந்தது என்பது வியப்புக்குரியது. 1960களின் தொடக்கத்தில், நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்று ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் விதித்திருந்தது. அதன் கிளையான பொன்ரியாக்கில் பணியாற்றிய ஜோன் டிலோரியன் முதலிய பொறியியலாளர், நடுத்தர வண்டியின் 326 கன அங்குல எஞ்சினும் பெரிய வண்டியின் 389 கன அங்குல எஞ்சினும் புறவளவில் ஒத்திருப்பதைக் கண்டனர். உள்ளே கொள்ளளவு வேறாயினும், தாங்கும் இடங்கள் ஒன்றே. எனவே, பெரியதன் எஞ்சின் சிறியதன் உடலில் இலகுவாக அமர்ந்தது. விதி தடுக்காதிருக்கும் பொருட்டு, அதைப் புதிய வண்டி என்னாது, விரும்பியோர் பெறக்கூடிய ஒரு மேலதிக வசதி என்று விற்றனர். 1964ஆம் ஆண்டுக்குரிய பொன்ரியாக் ஜி.ரி.ஓ. இவ்வாறு தோன்றியது. அதன் வலு 325 குதிரைவலு. முதலாண்டிலேயே 32,000க்கு மேற்பட்டவை விற்பனையாயின.

ஆயினும், அச்சேர்க்கையில் ஒரு குறையிருந்தது. எஞ்சினின் வலு பெருகிய அளவுக்கு பிரேக்கின் வலு பெருகவில்லை. முன்சக்கரங்களுக்குத் தட்டு பிரேக் 1967ஆம் ஆண்டு வண்டியிலேதான், அதுவும் மேலதிக வசதியாகவே, கிடைத்தது. ஓட வைப்பதை முதலிலும் நிறுத்துவதைப் பின்னரும் எண்ணும் அவசரம் பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை.

இனி, இலங்கையின் கதைக்கு வருவோம். இந்நாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொரிஸ் மைனர் வண்டி 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் முதல் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர் கொண்டது. 1952ஆம் ஆண்டில் மொரிஸ் நிறுவனமும் அதன் போட்டியாளரான ஒஸ்டின் நிறுவனமும் ஒன்றாயின. உடனே ஒஸ்டினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மொரிஸின் உடலில் ஏறிற்று. 1956இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த 948, 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின்கள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆக, இலங்கையர் மொரிஸ் என்று அழைத்த வண்டியின் நெஞ்சு ஒஸ்டினுடையது. ஒரே குடும்பத்து எஞ்சின் பல வண்டிகளில் இருந்தமையால், ஒன்று பழுதானபோது மற்றொன்றின் பாகம் உதவிக்கு வந்தது.

அவ்வுதவி இந்நாட்டில் இன்றியமையாததாயிற்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட, மோட்டார் வண்டிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புதிய வண்டியைக் காண்பது அரிதாயிருந்தது. மட்டக்களப்போடு நின்றுவிடும் புகையிரதப் பாதை கல்முனைக்கு வரவில்லை. சம்மாந்துறை வயலின் நெல்லும், மருதமுனைத் தறியின் சேலையும், கரைவலையில் விழுந்த மீனும் வீதி வழியாகவே வெளியூர் செல்ல வேண்டியிருந்தன. இத்தகைய கரையில் ஒரு வண்டி நின்றுபோனால், அதை நம்பிய பல குடும்பங்களின் அலுவலும் நின்றுபோகும். ஆகவே, ஓடாத ஒரு வண்டியின் பாகத்தால் இன்னொன்றை ஓட வைத்த கராஜ்கள் ஊரின் உயிர்நாடிகளுள் ஒன்றாயின.

அங்கே தொழிலாளி எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் மரையாகும். இங்கிலாந்தின் ஜோசப் விட்வர்த் 1841இல் வகுத்த முறைப்படி அரை அங்குல ஆணிக்கு ஓர் அங்குலத்தில் 12 மரைகள். அமெரிக்க முறைப்படி 13. மரையின் கோணமும் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஒன்றின் நட்டு மற்றொன்றில் ஏறாது. வலிந்து முறுக்கினால் இரண்டும் கெடும். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒன்றின் பழுதை மற்றொன்றின் ஆணியால் தீர்க்க முடியாது அல்லலுற்றன. அதன் பயனாகவே 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. பின்னர் ஜப்பானிய வண்டிகள் மெட்ரிக் மரையோடு வந்தன. இம்மூன்று முறைகளையும் விரலால் தடவியே வேறுபடுத்தத் தெரிந்த தொழிலாளியின் அறிவைச் சாதாரணமானதென்று தள்ளிவிட முடியாது. மருதமுனை நெசவாளர், நூல் எவ்வூரிலிருந்து வந்தாலும் அதன் இலக்கம் தறியின் அச்சுக்கு ஒத்ததா என்று பார்த்தே பாவு ஓட்டுவர். கராஜில் நிகழ்வதும் அதுவேயாகும்.

எனினும், பொருந்துவதெல்லாம் ஏற்றதாகாது. மொரிஸ் மைனருக்கு 1098 எஞ்சினை வைத்தபோது, அதைச் செய்தோர் முன்சக்கர பிரேக்கின் விட்டத்தையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருப்பித்தனர். பழைய வண்டியில் புதிய எஞ்சினை மட்டும் ஏற்றி, பழைய பிரேக்கை அப்படியே விடுபவர், வேகத்தை வாங்கிப் பாதுகாப்பை விற்றவராவார். மாதிரி வண்டியிலே நேர்ந்த பிழை மேசையோடு முடிந்துவிடும். வீதியிலே நேர்ந்த பிழை சந்தைக்குச் செல்பவரையும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளையும் தேடி வரும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டுமென்ற சட்டமும் வெறும் கடதாசி வேலையன்று. பல வண்டிகளின் பாகங்களைச் சேர்ப்பது குற்றமன்று. சேர்த்ததை மறைப்பதே குற்றம்.

பழுதுபார்க்கும் கைகள் ஆக்கும் கைகளாகவும் மாறக்கூடும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. இங்கிலாந்தில் மொரிஸ் மைனர் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றது. 1990களில் காலிப் பகுதியிலிருந்த ஒரு தொழிற்சாலை, அவ்வண்டிக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. வண்டியைத் தந்த நாடு, பாகத்துக்காக அதைப் பேணிய நாட்டை நாடியது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் பழைய வண்டிகளின் விலை ஏறியது; அவற்றைக் காக்கத் தெரிந்த கைகளின் மதிப்பும் உயர்ந்தது. ஆனால், தட்டுப்பாடு வரும்போது மட்டும் நினைத்து, நீங்கியதும் மறக்கத்தக்க அறிவு அன்று அது. அளவு பார்த்தல், பொருத்திப் பார்த்தல், ஓட்டத்துக்கு ஏற்ற தடையை வைத்தல், செய்ததை ஒளிக்காதிருத்தல் என்னும் நான்கும் அமெரிக்கச் சிறுவனின் மேசைக்கும் கல்முனைக் கராஜுக்கும் பொதுவானவை. செருப்பை வெட்டுமுன் மூடியை வைத்து வட்டம் கீறிய சிறுவன், அவற்றுள் முதலாவதை எவரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டான். மற்ற மூன்றையும் கற்பிப்பது பெரியோரின் கடமையாகும்.