அழிந்த சுருள்களும் அழியாத குரல்களும்

நினைவு விழாக்கள் பலவகை. மன்னர்க்கு எடுக்கும் விழா உண்டு. போர் வெற்றிக்கு எடுக்கும் விழா உண்டு. மறைந்த சான்றோர்க்கு எடுக்கும் விழாவும் உண்டு. ஆனால் ஒரு தொலைக்காட்சித் தொடர் முதன்முதலாக ஒளிபரப்பான நாளை நெஞ்சில் நிறுத்தி, பத்தாண்டுக்கு ஒருமுறை பெருவிழாவாகக் கொண்டாடும் மக்களும் இவ்வுலகில் உளர். கேட்டமாத்திரத்தில், வேலையற்றோர் வேடிக்கை என்று நகைக்கத் தோன்றும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். அதன் வரலாற்றைத் துருவிப் பார்த்தபோது அவ்வெண்ணம் மாறிற்று. அதனையே ஈண்டு வாசகர் முன் வைக்கின்றோம்.

அத்தொடரின் பெயர் 'டாக்டர் ஹூ'. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை இதனைத் தொடங்கிற்று. அதற்கு முந்திய நாளில்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே அத்துயரில் ஆழ்ந்திருந்தமையால் புதிய தொடரைக் கவனித்தவர் குறைவு. எனவே, அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதற்பகுதியையே மீண்டும் காட்டினர்.

கதை எளியது. காலத்திலும் வெளியிலும் விரும்பிய இடத்துக்குச் செல்லவல்ல ஓர் ஊர்தி, பெயர் டார்டிஸ். புறத்தே பார்த்தால் இலண்டன் தெருக்களில் நின்ற காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு. உள்ளே நுழைந்தால் பரந்த மண்டபம். அதில் திரியும் முதியவரே 'டாக்டர்'. அவருடன் புறப்படுவோரில் இருவர் பள்ளி ஆசிரியர்கள்; ஒருவர் வரலாறு கற்பிப்பவர், மற்றவர் விஞ்ஞானம் கற்பிப்பவர். சிறுவர்க்கு இவ்விரு பாடங்களிலும் நாட்டம் பிறக்கவேண்டும் என்பதே அன்றைய நோக்கம். கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி தனி மகிழ்வு தந்தது.

இலக்னோவில் பிறந்த இளைஞர்

நம்மவர் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அந்த முதற்கதையை இயக்கியவர் ஓர் ஆங்கிலேயர் அல்லர். இலக்னோ நகரில் 1938-இல் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்பவர். 'சன்லைட் ஆன் எ புரோக்கன் காலம்' என்னும் ஆங்கில நாவலை 1961-இல் வெளியிட்ட அத்தியா ஹுசைன் அம்மையாரே அன்னாரின் தாயார். தொடர் தொடங்கியபோது ஹுசைனுக்கு வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் அம்மையாருக்கு வயது 27. ஆண்களும் மூத்தவர்களுமே ஆட்சி செலுத்திய நிறுவனத்தில் ஓர் இளம்பெண்ணிடமும் ஓர் இந்திய இளைஞரிடமும் இப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. முதலில் எடுத்த பகுதி நிறைவளிக்கவில்லை என்று நாடகத்துறைத் தலைவர் சிட்னி நியூமன் திருப்பியனுப்பினார். இருவரும் சோர்வுறாமல் அதனை மீண்டும் எடுத்தனர். அதே ஆண்டு டிசம்பரில் 'டாலெக்' எனும் இயந்திர உருக்கொண்ட பகைவர் தோன்றவே, தொடரின் புகழ் நாடெங்கும் பரவிற்று.

1964-இல் ஹுசைன் இயக்கிய மற்றொரு கதை 'மார்க்கோ போலோ'. வெனிஸ் நகரப் பயணி, குப்லாய் கானின் அவையை நோக்கிச் செல்லும் நெடும்பயணமே அதன் பொருள். மொத்தம் ஏழு பகுதிகள். அவற்றுள் ஆறு ஹுசைனின் கைவண்ணம். அவ்வேழில் ஒன்றையேனும் நிறுவனம் காத்து வைக்கவில்லை.

அழித்தவர் யார்?

பகைவர் தீவைத்து அழிக்கவில்லை; வெள்ளம் கொண்டுபோகவும் இல்லை. ஆக்கிய நிறுவனமே அழித்தது. அன்று ஒளிப்பதிவு நாடா விலையுயர்ந்த பொருள். பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைப் பதிவு செய்வது வழக்கம். நடிகர் சங்கத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையோ மறுஒளிபரப்புக்கு எல்லை வகுத்திருந்தது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைப் படைப்புகளை வாங்குவார் இலர். வெளிநாடுகளுக்கு விற்பதற்கென எடுத்த படச்சுருள்களும் உரிமைக்காலம் முடிந்ததும் அழிக்கப்பட்டன. எவர் உள்ளத்திலும் தீய நோக்கம் இல்லை. கணக்கேடும் இடநெருக்கடியும் போதுமானவையாக இருந்தன. 1978-இல்தான் நிறுவனம் விழித்துக்கொண்டு, காக்கவேண்டியவற்றைத் தெரிந்தெடுக்கத் தனி அலுவலரை நியமித்தது. அதற்குள் பெருநட்டம் நேர்ந்துவிட்டது.

முதல் ஆறு பருவங்களில் ஒளிபரப்பான பகுதிகள் 253. தேடல் தொடர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக்கதை மீண்டது. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில், ஓர் ஒளிபரப்பு நிலையத்தின் பண்டகசாலையில் கிடந்த சுருள்களிலிருந்து, தொலைந்தவை எனக் கருதப்பட்ட ஒன்பது பகுதிகள் கிடைத்தன. அவை கிட்டிய பின்னும் 97 பகுதிகளுக்குப் படம் இல்லாதிருந்தது.

காத்தவர் யார்?

படந்தான் இல்லை, ஒலி இருந்தது! அந்த 97 பகுதிகளுள் ஒன்றன் ஒலியும் அழியவில்லை. இவ்வியப்புக்குக் காரணம் நிறுவனம் அன்று, சில இளைஞர்கள். வீட்டில் படத்தைப் பதிவு செய்யும் கருவி இல்லாத அக்காலத்தில், அவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்து, வாரந்தவறாமல் ஒலிநாடாவில் பதிவு செய்தனர். வீட்டார் பேசினால் அதுவும் பதிவாகிவிடும்; ஆகவே அனைவரையும் வாய்மூடி இருக்கச் சொல்லவேண்டும். வரலாற்றைக் காக்கின்றோம் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். மீண்டும் ஒருமுறை கேட்கும் ஆசை, அவ்வளவே. ஆசிரியரின் வாயிலிருந்து செவியால் கேட்டு நெஞ்சில் பதித்துப் பாடம் பயின்ற மரபில் வந்த நாம், செவிவழி காத்த இச்செல்வத்தின் அருமையை உணராதிருக்க இயலாது.

ஒலிக்குத் துணையாக நிழற்படங்களும் கிட்டின. ஜான் குரா என்பவர் தொலைக்காட்சித் திரையை நேரே புகைப்படம் எடுத்து, கலைஞர்க்கு விற்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். 'மார்க்கோ போலோ'வில் ஹுசைன் இயக்கிய பகுதிகளின் நிழற்படங்கள் அன்னாரின் சொந்தச் சேமிப்பிலேயே இருந்தன.

விழாவின் பொருள்

1976-இல் அன்பர்கள் ஒரு சங்கம் கண்டனர். மறு ஆண்டு இலண்டனில் மாநாடு கூட்டினர். 1983 ஈஸ்டர் நாள்களில் இருபதாம் ஆண்டு விழா லாங்லீட் மாளிகையில் நிகழ்ந்தபோது, எதிர்பார்த்ததற்குப் பன்மடங்கு மக்கள் திரண்டு, பலர் வாயிலிலிருந்தே திரும்பினர். ஆயினும் 1989-இல் தொடர் நிறுத்தப்பட்டது. தொடர் நின்றதே ஒழிய, அன்பு நிற்கவில்லை. நாவலாக எழுதினர், ஒலி நாடகமாக நடித்தனர். 2005-இல் அதனை உயிர்ப்பித்த ரஸ்ஸல் டி. டேவிஸ், சிறுவயதில் அத்தொடரைக் கண்டு வளர்ந்தவர். டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட்டும் பீட்டர் கப்பால்டியும் அவ்வாறே சிறுவயது முதல் அதன் அன்பர்கள்.

2013 நவம்பர் 23, ஐம்பதாம் ஆண்டு. சிறப்புக் கதை 94 நாடுகளில் ஒரே வேளையில் ஒளிபரப்பாயிற்று. தொடர் பிறந்த கதையையும் நாடகமாக்கிக் காட்டினர். அதில் சாச்சா தவான் என்னும் நடிகர் இளம் வாரிஸ் ஹுசைனாக வந்தார். 2016 நவம்பர் 5 அன்று நிகழ்ந்தது இதனினும் உயர்ந்தது. சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒளிபரப்பாகிப் பின் தொலைந்துபோன ஒரு டாலெக் கதையை, காத்த ஒலிக்குப் புதிதாகச் சித்திரம் வரைந்து, அதே நாளில் மக்களுக்கு அளித்தனர். முழுமையாகக் கிடைக்காததையும் கிடைத்த மட்டில் எழுப்பி நிறுத்திய அச்செயலே மெய்யான விழா என்போம்.

ஒரு படைப்புக்கு உரியவர் யார்? சட்டம் நிறுவனத்தைக் காட்டும். வரலாறோ, ஒலிவாங்கியுடன் மூச்சடக்கி அமர்ந்திருந்த அந்த இளைஞர்களைக் காட்டுகின்றது. உரிமை உடையோர் துடைத்ததை விருப்பம் உடையோர் காத்தனர். இற்றைக்குப் பயனற்றதெனத் தோன்றும் கடிதம், ஒலிநாடா, பழம்படம் எதனையும் எறிவதற்கு முன் ஒருகணம் நிற்போமாக. நாளை அதனைத் தேடி எவரேனும் நெடுந்தொலைவிலிருந்து வரக்கூடும்.