சென்னை ராஜதானிச் சித்திரவதை விசாரணைக் குழு (1854–1855)

நிலத்தீர்வையைத் தண்டும் பொருட்டும், குற்றம் சாட்டப்பட்டோரின் வாயிலிருந்து ஒப்புதல் வாக்குமூலத்தை வரவழைக்கும் பொருட்டும், கிழக்கிந்தியக் கம்பெனியின் சுதேசச் சிப்பந்திகள் பிரஜைகளை விசாரணையின்றி அடைத்து வைத்து வதைத்து வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டை ஆராயும்படி, 1854-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் நியமித்த மூவர் குழு இது. சென்னைப் பட்டணத்துத் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்த எலியட், கம்பெனி உத்தியோகஸ்தரான ஸ்டோக்ஸ், வழக்கறிஞரான ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரும் அதன் அங்கத்தினர். 1855-இல் இவர்கள் அளித்த அறிக்கை, இந்நாட்டுப் போலீஸ் ஸ்தாபனத்தின் பிறப்பை அறிய விரும்புவோர் முதலில் கையில் எடுக்க வேண்டிய ஆவணமாகும்.

அக்காலத்து ராஜதானியின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை நடைபெற்று வந்தது. இடையில் ஜமீன்தார் எவரும் இன்றி, ஒவ்வொரு குடியானவனும் தன் கிஸ்தியைச் சர்க்காருக்கு நேராகச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தான். தானிய விலை தாழ்ந்து கிடந்த ஆண்டுகளிலும் ரொக்கமாக விதிக்கப்பட்ட தீர்வை அதற்கேற்பத் தாழவில்லை. பாக்கிதாரனின் சொத்தை ஜப்தி செய்து ஏலமிடச் சட்டம் இடங்கொடுத்திருந்தும், அந்த வழி நீண்டதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தமையால், தாலுகா கச்சேரியின் சேவகனுக்கு அதனினும் குறுகிய வழி ஒன்று கைவசம் இருந்தது. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் ஜில்லா கலெக்டரையே மாஜிஸ்திரேட்டாகவும், தாசில்தாரையே தாலுகாப் போலீசின் தலைவராகவும் ஆக்கியிருந்தன; கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும் அவருக்குக் கீழ்ப்பட்டவர். ஆகவே வரி தண்டுகிறவரும், திருடனைப் பிடிக்கிறவரும், பிடிபட்டவனை முதலில் விசாரிக்கிறவரும் ஒருவரே என்றாயிற்று. பின்வரும் கொடுமைகள் யாவற்றுக்கும் மூலகாரணம் தனிமனிதரின் குரூர சுபாவம் அன்று, இந்த அதிகாரச் சேர்க்கையே என்பதை அறிக்கையின் பக்கங்கள் ஐயமின்றிக் காட்டுகின்றன.

விஷயம் வெளிவந்ததற்குச் சென்னைவாசிகளின் முயற்சியும் காரணம். 1852-இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவியவரும், ‘கிரெசென்ட்’ பத்திரிகையை நடத்தியவருமான காஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார், குடியானவர்களின் துயரங்களை எடுத்துரைத்துப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பச் செய்தார். 1853-இல் இந்நாட்டுக்கு வந்த டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற அங்கத்தினரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று நிலைமையை நேரில் காணவும் வைத்தார். சீமோர் ஊர் திரும்பியபின், 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சித்திரவதையைப் பற்றிய பேச்சு எழுந்தது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று மறுத்தவர்களும் அச்சபையில் இருந்தனர். விசாரணை நடந்தே தீர வேண்டியதாயிற்று. 

குழு சென்னையில் அமர்ந்து பிராதுகளை வரவேற்றது. 519 பேர் நேரில் வந்தனர். 1,440 பிராதுகள் கடிதமூலம் வந்தன. ரயில் இல்லாத அந்நாளில், நூற்றுக்கணக்கான மைல் கால்நடையாக வந்து சேர்ந்த ஏழைக் குடியானவர்களை நினைக்கும்போது, இந்த எண்ணிக்கையின் கனம் விளங்கும். அவர்கள் சொன்ன வதைகளுள் மிகப் பரவலாக வழங்கியவை இரண்டு. கிட்டி என்பது ஒரு முனையில் இணைக்கப்பட்ட இரு மரக்கட்டைகள். அவற்றினிடையே விரலையோ தொடையையோ வைத்து, தாங்கும் எல்லைவரை நெரிப்பார்கள். அண்ணாந்தாள் என்பது, ஒருவனை வளைத்துக் குனியவைத்துக் கழுத்தைக் கால்விரலோடு கயிற்றால் பிணித்து, முதுகில் கல்லை ஏற்றி, உச்சிவெயிலில் நிறுத்திவிடுவது. இவையன்றி, கண்ணில் மிளகாய்ப் பொடி இடுவதும், வண்டைத் தேங்காய்ச் சிரட்டையில் அடைத்துத் தொப்புளின்மேல் கட்டுவதும், உண்ணவும் மலஜலம் கழிக்கவும் விடாமல் சாவடியிலோ கச்சேரியிலோ அடைத்து வைப்பதும் சாட்சியங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒருவனைச் சாவடியில் இருத்திக் கொள்ளக் கையெழுத்திட்ட உத்தரவோ குறித்து வைத்த காரணமோ தேவைப்படவில்லை. சேவகனின் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது.

குழுவினரின் மனத்தை யாவற்றினும் அதிகமாக வருத்தியது வதைகளின் கொடூரம் அன்று, வதைபட்டவனுக்குப் புகலிடம் இன்மையே. கலெக்டரிடம் கொடுத்த பிராது விசாரணைக்காகத் தாசில்தாரிடமே திரும்பி வரும். அதாவது எவர்மேல் பிராதோ அவர் கைக்கே அது போய்ச் சேரும். நெடுந்தூரம் நடந்து நியாயஸ்தலத்தை அடைவதற்குள் காயம் ஆறிவிடும், பயிர் வீணாகும், சாட்சிகள் அஞ்சி ஒதுங்குவார்கள், தப்பித்தவறிக் குற்றம் ருசுவானாலும் தண்டனை அற்பமாகவே இருக்கும்.

எனினும் ஓரிடத்தில் அறிக்கையை அப்படியே ஏற்பதற்கில்லை. வதை நடந்தது மெய் என்று துணிந்து கூறிய அக்கனவான்கள், ஐரோப்பிய அதிகாரிகளுக்கு அதில் பங்கோ சம்மதமோ இல்லையென்றும், ஜனங்கள் அவர்களையே தங்கள் இரட்சகராகக் கருதினர் என்றும் எழுதினார்கள். தீர்வையை விதித்ததும், அதைத் தவறாமல் வசூலிக்கும் சிப்பந்தியை மெச்சியதும், பிராதைத் திருப்பி அனுப்பியதும் யார் என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. 1857 செப்டம்பரில் இவ்வறிக்கையை ‘நியூயார்க் டெய்லி டிரிபியூன்’ பத்திரிகையில் விரிவாக ஆராய்ந்த கார்ல் மார்க்ஸ், அந்தப் பழியை ஆட்சியின் தலைமீதே சாற்றினார். அவ்விஷயத்தில் நியாயம் அவர் பக்கமே இருக்கிறது.

அறிக்கையின் பயனாக, போலீஸ் இலாகா வருவாய் இலாகாவினின்று பிரிக்கப்பட்டு, 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால் தனி ஸ்தாபனமாயிற்று. 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் அதை அடுத்து வந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330-ஆவது பிரிவு, வாக்குமூலம் பெறுவதற்காகக் காயம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கியதோடு, அதற்கு உதாரணமாகப் போலீஸ் அதிகாரியையும் தீர்வைப் பாக்கிக்காக வதைக்கும் வருவாய் அதிகாரியையும் எடுத்துக் காட்டியது. போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் சாட்சியமாகாது என்ற விதி 1861-இல் தோன்றி, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவாக நிலைத்தது. ஆனால் அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, கைதி சொன்ன தகவலால் ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அச்சொல்லின் அப்பகுதி மட்டும் செல்லும் என்று விலக்கு அளித்தது. கத்தியும் நகையும் ‘கண்டெடுக்க’ வேண்டிய நிர்ப்பந்தம் இருக்கும்வரை அடிக்கும் கைக்கு வேலை ஓயவில்லை. புதிய ஸ்தாபனமும் பழைய வழக்கத்தை விடவில்லை என்பதை, 1902-இல் அமைந்த ஆண்ட்ரூ பிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷனின் கடுஞ்சொற்களே உணர்த்தின.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு, கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின்முன் கொண்டுவர வேண்டுமென 22-ஆவது ஷரத்தில் விதித்தது. அதே ஷரத்திலேயே விசாரணையற்ற தடுப்புக்காவலுக்கும் இடம் வைத்தது. 1975–77 நெருக்கடிநிலைக் காலத்தில் மிசாச் சட்டத்தின்கீழ்ச் சென்னை மத்தியச் சிறையில் அடைபட்டோர் தாக்கப்பட்டதைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் ஆராய்ந்தது. கைதுக் குறிப்பு எழுதுவது, உறவினருக்குத் தெரிவிப்பது, மருத்துவப் பரிசோதனை செய்விப்பது முதலான கட்டளைகளை, டி. கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்தது.

தருமபுரி ஜில்லாவின் வாச்சாத்தி மலைவாழ் மக்களுக்கு 1992 ஜூனில் நேர்ந்தது, 1855 அறிக்கையைப் படித்தவர்க்குப் புதிதாகத் தோன்றாது. சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வன, போலீஸ், வருவாய் இலாகாக்கள் மூன்றும் சேர்ந்து கிராமத்துள் புகுந்தன, வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், பெண்களும் குழந்தைகளும்கூடச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அதுகாறும் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பிராதுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும், சாத்தான்குளம் போலீஸ் நிலையத்தில் இரவெல்லாம் அடிக்கப்பட்டு, கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்டபின் இறந்தனர். சாட்சியங்கள் அழியாதிருக்கும் பொருட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு அந்நிலையத்தையே வருவாய் அதிகாரிகளின் பொறுப்பில் வைக்கச் செய்தது. தாசில்தாரின் கையிலிருந்து போலீசைப் பிரித்த சட்டத்துக்கு 161 ஆண்டுகள் கழிந்தபின், தாசில்தார்கள் காவலுக்கு வந்து நிலையத்தை ஏற்றார்கள். சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையொப்பமிட்டது. அதை உறுதிப்படுத்துவதற்குத் துணையாக 2010-இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியாயிற்று.