அடுப்படிக்கு வந்த அளவுகோல்

காற்று மாசு பற்றிய ஆய்வு தொழிற்புரட்சி கண்ட நாடுகளில் வேரூன்றியதால், அதன் கருவிகள் நெடுங்காலம் ஆலைகளின் அருகிலும் நகரத்துக் கட்டடங்களின் மொட்டைமாடிகளிலுமே நின்றன. 1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் லண்டனை மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் ஏறத்தாழ 4,000 உயிர்களைப் பறித்ததாக அப்போது கணக்கிடப்பட்டு, 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், மாசு என்பது நகரத்தின் நோய் என்ற எண்ணமே நிலைபெற்றது. விறகும் வறட்டியும் எரிந்த கோடிக்கணக்கான அடுப்படிகள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றைச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் கிர்க் ஸ்மித் (1947–2020) என்னும் அமெரிக்க ஆய்வாளர்.

அடுப்புப் புகையின் தீங்கை அவருக்கு முன் ஒருவரும் உணரவில்லை என்று கூறுவது பிழையாகும். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கி பொருத்திய மண் அடுப்பொன்றை வடிவமைத்து, 1953-இல் அது குறித்து நூலும் வெளியிட்டார். டெல்லியில் இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதியும் அவருடைய சக ஆய்வாளரும் 1959-இல் வெளியிட்ட கட்டுரை, நுரையீரல் நோயின் விளைவாக இதயத்தின் வலப்பக்கம் பழுதடையும் 'கார் புல்மொனாலே' என்னும் நிலை, புகைபிடிக்கும் வழக்கம் குறைவாக இருந்த பெண்களிடத்திலும் மிகுதியாகக் காணப்பட்டதைக் குறித்து, அடுப்புப் புகையின் மீது ஐயம் எழுப்பியது. ஆயினும் அந்தப் புகையின் அளவு எவ்வளவு என்பதற்கு எண் இல்லை. எண் இல்லாத துன்பம் அரசின் கோப்புகளில் ஏறுவது அரிது.

அந்த எண் குஜராத்திலிருந்து வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களான அகர்வால், தவே ஆகியோரும் நான்கு கிராமங்களில், கருவியை அறையின் மூலையில் நிறுத்திவைக்காமல், சமைக்கும் பெண்களே அதை அணிந்திருக்கச் செய்தனர். சிறு விசைக்குழாய் ஒன்று அவர்கள் மூச்சிழுக்கும் இடத்துக் காற்றை உறிஞ்சி ஒரு வடிதாளின் வழியே செலுத்த, அடுப்பை ஊதக் குனிந்தபோதும் ரொட்டியைப் புரட்டியபோதும் முகத்தில் மோதிய புகை அந்தத் தாளில் கரியாகப் படிந்தது. 1983-இல் வெளியான முடிவுகளின்படி, சமையல் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 7,000 மைக்ரோகிராம் துகள்கள் இருந்தன. இந்தியா 1994-இல் குடியிருப்புப் பகுதிகளுக்கு வகுத்த வரம்பு 200 மைக்ரோகிராம். அந்த வரம்பு நாள் முழுவதற்குமான சராசரி என்பதையும், குஜராத்தின் அளவு சமையல் நேரத்திற்கு மட்டும் உரியது என்பதையும் கருத்தில் கொண்டாலும் இரண்டுக்கும் இடையிலான தொலைவு அச்சமூட்டுவதே.

இந்த அளவீட்டிலிருந்து கிளைத்த கருத்தே ஸ்மித்தின் உண்மையான பங்களிப்பு எனலாம். மாசு எங்கே மிகுதியாக வெளியாகிறது என்று கேட்பதைவிட, அதில் எவ்வளவு மனித மூச்சுக்குள் போய்ச் சேர்கிறது என்று கேட்க வேண்டும் என்றார் அவர். உயரமான புகைபோக்கி கக்கும் ஒரு கிலோ துகளில் மிகச் சிறு பங்கே மூச்சில் கலக்க, அடுப்படியில் வெளியாகும் ஒரு கிலோவிலிருந்து அதைவிடப் பல மடங்கு மக்களின் நுரையீரலை எட்டுகிறது. இதற்கு 'உட்கொள்ளும் பின்னம்' என்று பொருள்படும் சொல் வழக்கில் வந்தது.

அளந்து காட்டினால் மட்டும் போதாது, புகையைக் குறைத்தால் நோய் குறையும் என்று மெய்ப்பிக்கவும் வேண்டியிருந்தது. 2002-இல் குவாத்தமாலாவின் சான் மார்கோஸ் மலைப்பகுதியில், வீட்டுக்குள் திறந்த தீயில் சமைத்துவந்த 534 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 'பிளாஞ்சா' என்னும், உலோகத் தட்டும் புகைபோக்கியும் கொண்ட அடுப்பை அளித்தனர். மற்ற பிரிவினர் ஆய்வின் முடிவில் அதைப் பெற்றனர். 2011-இல் வெளியான முடிவு கலவையானது. குழந்தைகள் சுவாசித்த புகை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தும், மருத்துவர் உறுதிசெய்த நிமோனியாவில் ஏற்பட்ட குறைவு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. கடுமையான நிமோனியா மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இதற்கிடையே 2012-இல் வெளியான உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கு, வீட்டு அடுப்புப் புகையால் 2010-இல் சுமார் 35 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது.

அடுப்பைச் சீர்திருத்துவதில் பல ஆண்டுகளைச் செலவிட்ட ஸ்மித், பாதி புகை போதிய பாதுகாப்பாகாது என்ற முடிவுக்கு வந்து, தூய எரிபொருளையே ஏழைகளின் வீட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என வாதாடினார். தம் உழைப்பின் திசையையே சான்றுகளுக்காக மாற்றிக்கொண்ட இந்த நேர்மை, அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு நிகராக மதிக்கத்தக்கது. இந்தியாவில் 1980-களில் தொடங்கிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் 2002-இல் கைவிடப்பட்டிருந்த நிலையில், 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களின் பெயரில் சமையல் எரிவாயு இணைப்பை வழங்கியது. இணைப்புப் பெற்ற பின்பும், அடுத்த சிலிண்டருக்குப் பணமின்றி விறகுக்குத் திரும்பிய வீடுகள் பல.

ஸ்மித் 2020 ஜூனில் மறைந்தபோது, எரிவாயு குறித்த பெரும் சோதனையொன்று குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு தமிழகத்தின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் நடந்துகொண்டிருந்தது. நான்கு நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிகள் பங்கேற்ற அந்தச் சோதனையில், எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த காற்றில் நுண்துகளின் இடைநிலை அளவு 23.9 மைக்ரோகிராமாகவும், விறகில் சமைத்தவர்களிடம் 70.7 ஆகவும் இருந்தது. அவ்வளவு குறைந்தும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெண்களுக்கு எரிவாயு வந்தது கருவுற்றுச் சில வாரங்கள் கழிந்த பிறகே என்பதால், கருத்தரிக்கும் முன்னரே, புகை நிறைந்த அடுப்படியில் கழிந்த ஆண்டுகள் எந்த அளவுக்குத் தடம் பதித்திருக்கும் என்ற கேள்வி இப்போது ஆய்வாளர்கள் முன் நிற்கிறது.