ஞாயிற்றுக்கிழமைக் கத்தரிக்கோல்

எண்பதுகளில் பாஸ்டன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஞாயிறு காலை வாசலில் விழும் 'பாஸ்டன் குளோப்' கைக்குழந்தை கனம் இருக்கும். மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பீட்டர் கேமன்ஸ் எழுதும் பேஸ்பால் பக்கத்தை மட்டும் கத்தரித்துச் செருப்புப் பெட்டியில் போட்டு வைப்பேன். "ஜாதகத்தைக்கூட நீங்க இப்படிப் பத்திரப்படுத்தலை" என்பாள் மனைவி.

எனக்கு அது ஜாதகம்தான். ஆபீசில் பத்துப் பேர் சேர்ந்து 'ரொட்டிஸ்ரி' ஆடினோம். ஆளுக்கு 260 டாலர், காகிதத்தில். அதை வைத்து நிஜ ஆட்டக்காரர்கள் 23 பேரை ஏலத்தில் எடுக்க வேண்டும். அவர்கள் மைதானத்தில் அடிப்பதும் வீசுவதும் நம் கணக்கில் ஏறும். இன்று ஃபேன்டஸி என்கிறார்கள்.

இதைக் கிளப்பியவர் டேனியல் ஓக்ரெண்ட் என்ற பத்திரிகைக்காரர். 1979 கடைசியில் டெக்சஸுக்கு விமானத்தில் போகும்போது தோன்றியதாம். அங்கிருந்த நண்பர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நியூயார்க்கில் 'லா ரொட்டிஸ்ரி ஃப்ரான்சேஸ்' என்ற சாப்பாட்டுக் கடையில் கூடியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1980இல் முதல் சீசன். கடையின் பெயரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பந்து வீசும் பிட்சர்களை அளக்க ஓக்ரெண்ட் உண்டாக்கிய 'விப்' கணக்கு இன்று டி.வி. திரையிலேயே வருகிறது. இத்தனை செய்த மனிதர் தன் லீகில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

மறு வருஷம், 1981இல், நிஜ ஆட்டக்காரர்கள் 50 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத எதுவும் இல்லாத விளையாட்டு நிருபர்கள் இந்தக் கற்பனை ஆட்டத்தைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது.

ஆனால் இதற்கெல்லாம் மூலதனம் பத்திரிகையின் பொடியெழுத்து, அதாவது ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்கையும் கட்டம் போட்டுக் காட்டும் 'பாக்ஸ் ஸ்கோர்'. அதை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர். கிரிக்கெட் நிருபராக இருந்தவர். ரஞ்சி ஸ்கோர்கார்டை மேய்ந்து வளர்ந்த எனக்கு அந்தக் கட்டம் ஏன் உடனே புரிந்தது என்பது பின்னாளில்தான் விளங்கியது. அதைப் பார்த்துத்தான், வாராவாரம் கால்குலேட்டரும் பென்சிலுமாகக் கூட்டுவோம். ஒரு 'ஸ்டோலன் பேஸை' விட்டுவிட்டால் திங்கட்கிழமை காண்டீனில் சண்டை.

பொடியெழுத்து சொல்வது நேற்றைய கதை. நாளைக்கு யார் ஆடுவார், யாருக்குத் தோள் வலி, பாட்டக்கெட் ஊரின் கீழ்நிலை அணியில் பயிற்சி பெறும் எந்தப் பையன் மேலே வருவான் என்பதற்குக் கேமன்ஸை விட்டால் ஆளில்லை. தொடர்பு எல்லாம் போன்தான். மானேஜர், ஸ்கவுட், ஆட்டக்காரர் என்று ஊரெல்லாம் பேசித் திரட்டிய துணுக்குகளை ஒரே பக்கத்தில் அடைத்துவிடுவார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்தான், ஆனாலும் அன்றைய 26 அணிகளும் அவருக்குப் பொருட்டு. கடைசி இடத்து அணியின் எட்டாவது பிட்சருக்கும் ஒரு வரி உண்டு. எங்களுக்கு வேண்டியது அந்த எட்டாவது ஆள்தான். எங்களை நினைத்து அவர் எழுதினார் என்று தோன்றவில்லை.

அவரைப் படித்தும் எனக்குத் துணிச்சல் வராதது வேறு விஷயம். 1986 ஏலத்தில் பாஸ்டன் அணியின் இளம் பிட்சர் ராஜர் கிளெமென்ஸ் பெயர் வந்தது. முந்தைய ஆகஸ்டில்தான் தோளில் ஆபரேஷன். 4 டாலரில் நின்றுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் 5 என்றார், கிடைத்துவிட்டது. ஏப்ரல் 29 இரவு சியாட்டில் அணியை எதிர்த்து அந்தப் பையன் ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கினான். ஒன்பது இன்னிங்ஸில் அதுவரை யாரும் செய்யாதது. ரேடியோவை அணைக்கவும் மனசில்லை, கேட்கவும் முடியவில்லை. சீசன் முடிவில் 24 வெற்றி, 4 தோல்வி.

அதே 1986இல் கேமன்ஸ் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' வார இதழுக்குப் போய்விட்டார். நல்ல வேலை, பெரிய பெயர். ஆனால் அங்கே கட்டுரைதான் எழுதுவார்கள். எட்டாவது பிட்சருக்கு இடம் எங்கே? காண்டீனில் பத்துப் பேரும் பேச்சில்லாமல் சாப்பிட்டோம், கிளெமென்ஸ்காரர் உட்பட.

அடுத்த ஞாயிறு பழக்கதோஷத்தில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் சலவைத்தூள் கூப்பனை வெட்டி மனைவியிடம் கொடுத்தேன். 25 சென்ட் தள்ளுபடி.