வாடைக்காலக் கட்டுமரம்: மயிலைக் கடற்கரையில் கூலியும் தூண்டிலும்

மந்தைவெளி என்னும் பெயர் கால்நடைகள் திரண்டு நின்ற திறந்தவெளியைக் குறிப்பது. பேருந்து நிலையமும் அடுக்ககங்களும் நிறைந்த இன்றைய மந்தைவெளிக்குக் கிழக்கே நடந்து செல்லும் தொலைவில் பட்டினப்பாக்கமும் சீனிவாசபுரமும் உள்ளன. அவற்றின் வடக்கே நொச்சிக்குப்பம், தெற்கே அடையாற்றின் முகத்துவாரம், அதற்கப்பால் ஊரூர்க்குப்பம். மயிலாப்பூரின் வரலாறு கபாலீசுவரர் கோயிலை முன்வைத்தும், சாந்தோமின் வரலாறு போர்த்துக்கீசியர் குடியேற்றத்தை முன்வைத்தும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. இவ்விரண்டிற்கும் கீழ்ப்புறத்தில் வாழ்ந்த மீனவர் அவ்வரலாறுகளில் பெரும்பாலும் பின்னணிக் காட்சியாகவே இடம்பெறுகின்றனர். ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வாடைக்காலத்தில் அவர்கள் செய்த தொழில் இன்னும் மங்கலாகவே தெரிகிறது. கடல் சீறும் அம்மாதங்களில் கட்டுமரக்காரர் இரு வேறு பணிகளைச் செய்தனர். ஒன்று, கூலிக்குக் கடலிறங்கியது. மற்றொன்று, தூண்டிலிட்டு மீன் பிடித்தது. முதற்பணி ஆங்கிலேயர் பதிவுகளில் வியந்து பேசப்படுகிறது. அதனை இயல்வதாக்கிய இரண்டாம் பணியைப் பற்றி அப்பதிவுகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

பருவம்

தமிழில் திசைக்கொரு காற்றுப்பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. இலக்கிய மாணவர்க்கு வாடை பிரிவுத்துயரின் காற்று. கடற்கரை மக்களுக்கோ அது நீரோட்டம் திசைமாறுவதன் அறிகுறி. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையை ஒட்டிய நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடும். தென்மேற்குப் பருவத்தில் அது நேர்மாறாகும். வேனிலில் மணல்மேடிட்டு அடைபடும் அடையாற்று வாய் இம்மழைக்காலத்தில்தான் உடைத்துக்கொண்டு திறக்கும். கலங்கிய ஆற்றுநீர் கரையோரக் கடலின் நிறத்தையே மாற்றிவிடும்.

கடலுக்குச் செல்லாத நாளும் நெய்தல் வாழ்வின் ஒரு பகுதியே. பட்டினப்பாலை காட்டும் பரதவர் முழுநிலா நாளில் மீன்வேட்டைக்குச் செல்லாமல் சுறவின் கொம்பை நட்டு வழிபடுகின்றனர். மயிலாப்பூரைப் பொறுத்தவரை, திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் திருவிழாக்களை நிரல்படக் கூறுவதும் நோக்கத்தக்கது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம் ஆகியவற்றுக்குப் பின்னரே மாசிக் கடலாட்டு வருகிறது. வாடைக்கால மூன்று மாதங்களின் விழாக்கள் கரையில் நிகழ, கடல் அடங்கிய மாசியில் விழா கடலுக்குள் இறங்குகிறது. பதிகத்தின் நோக்கம் சமயஞ்சார்ந்தது. அதனை மீனவர் நாட்காட்டியாகப் படிப்பது மிகையாகும். எனினும் மயிலைக் கடலின் பருவ ஒழுங்கோடு அவ்வரிசை முரண்படவில்லை என்பதைக் குறிக்கலாம்.

கூலிக்கு அமர்ந்த மரம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் உடையும் அலைகளைக் கடந்து படகில் கரை சேர வேண்டியிருந்தது. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபர் நடுப்பகுதியிலும் தம் கப்பல்களை இக்கடலில் நிறுத்தியிருந்தார். அப்போது வீசிய புயலில் அவற்றுள் சில மூழ்கின; எஞ்சியவை பெருஞ்சேதமுற்றன. ஆங்கிலேயக் கப்பற்படையும் அக்டோபரில் இக்கரையைவிட்டு அகல்வதையே வழக்கமாகக் கொண்டிருந்தது.

கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓடியது மசூலாப் படகு. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட பலகைகளால் ஆனது அது. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்துகொடுக்கும். அலை மிகும் நாளில் கடற்கரை அலுவலகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறும், மசூலாக்கள் நின்றுவிடும். அதன் பின்னரும் கடலிறங்கியது கட்டுமரம் ஒன்றே. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கப்பல் கட்டும் பணியின் தலைவராக இருந்த ஜான் எடி, இந்திய, இலங்கை மரக்கலங்கள் குறித்து 1834இல் வெளியிட்ட கட்டுரையில் சென்னைக் கட்டுமரத்தை அளந்து கூறுகிறார். மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டிய அதன் நீளம் 20 முதல் 25 அடி. அகலம் இரண்டரை முதல் மூன்றரை அடி. கப்பல்களுக்குக் கடிதம் கொண்டு செல்லவும், கவிழ்ந்த படகிலிருந்து ஆட்களை மீட்கவும் அது பயன்பட்டது. ஓலையால் முடைந்த கூர்ந்த தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு கட்டுமரக்காரர் அலைக்குள் பாய்ந்ததைப் பயணிகள் பலர் எழுதியுள்ளனர். மசூலாவுக்குத் துணையாகக் கட்டுமரங்கள் உடன் செல்வதும் உண்டு. உயிர்காத்தோர்க்கு அரசு பதக்கமும் அளித்தது.

இச்சான்றுகள் பெரும்பாலும் கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்கும் எதிரேயுள்ள கரையைச் சார்ந்தவை. மயிலைக் குப்பங்களைப் பற்றியவை அல்ல. ஆயினும் கலம் ஒன்றே, அலை ஒன்றே. எட்கர் தர்ஸ்டன் 1909இல் தொகுத்த நூல், பட்டினவரைக் கிருஷ்ணை ஆறு முதல் தஞ்சை வரையிலான கரை முழுவதும் பரவிய மீனவராகவே காட்டுகிறது.

மேற்கண்ட பதிவுகளில் கட்டுமரக்காரரின் திறன் ‘துணிவு’ என்றே பெயர் பெறுகிறது. துணிவு இல்லாமலில்லை. ஆனால் எந்த அலைக்குப்பின் இடைவெளி விழும், எவ்விடத்தில் மணல்திட்டு அலையை உடைக்கும், நீரோட்டம் மரத்தை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பனவற்றை ஒரு கடிதக்கூலிக்காக எவரும் கற்றுக்கொள்வதில்லை. அவை நாள்தோறும் மீன்பிடித்தலில் படிந்த அறிவு. கம்பெனி அலுவலர் அந்த அறிவின் பயனை விலைக்கு வாங்கினர்; விலை கொடுத்த பகுதியையே பதிவிலும் ஏற்றினர்.

பாரும் தூண்டிலும்

கரைவலைக்கு மணற்பாங்கான தரையும் பலர் கூடிய உழைப்பும் அடங்கிய அலையும் வேண்டும். வாடைக்காலத்தில் மூன்றாவது கிடைப்பதரிது. தூண்டிலுக்கோ இருவர் போதும். கடல் ஒரு நாள் இறங்கினாலும் அந்த ஒரு நாளைப் பயன்படுத்தலாம். தூண்டிலுக்குரிய முதன்மை மீன்களுள் சங்கராவும் ஒன்று. வலை கிழிந்துபோகும் பாறைத் தரையை, மீனவர் ‘பார்’ எனக் கூறும் இடத்தை, ஒட்டி வாழ்வது அது. மீன் விற்பனையில் சங்கரா என்னும் பெயர் இழுவலையில் சிக்கும் வேறொரு சிறு செம்மீனுக்கும் வழங்குவதால், சந்தைப் பெயரை மட்டும் கொண்டு பழைய மீன்வரத்தைக் கணிப்பது பிழையில் முடியும்.

பாரைக் கண்டடைவதே தொழிலின் பாதி. கோபுரம், மலை, பனந்தோப்பு எனக் கரையில் தெரியும் இரு பொருள்களை ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவந்து, வேறு திசையில் மற்றொரு நேர்க்கோட்டையும் பிடித்தால் அவை வெட்டுமிடமே பார். மழைமூட்டத்தில் கரை மறைந்துவிடும். அப்போது கயிற்றில் குண்டு கட்டி இறக்கி ஆழத்தையும், அது தரையில் படும் அதிர்வைக் கொண்டு மணலா கல்லா என்பதையும் அறிய வேண்டும். மேற்பரப்பு நீர் தெற்கே இழுக்க, தூண்டில் நேராக இறங்காமல் சாய்ந்து போகும். ஆகவே பாருக்கு வடக்கே நின்று கயிற்றை விட வேண்டும்.

கட்டுமரத்துக்கு உட்குழிவு இல்லை. நீர் நிரம்ப இடமில்லாததால் அது மூழ்குவதில்லை. கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். ஆனால் மரத்தில் இருப்பவர் எப்போதும் நனைந்தே இருப்பர். கரைசேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவது அவை நீருறிஞ்சிக் கனத்துப் போகாதிருப்பதற்காகவே. வெயிலில்லாத மழைக்காலத்தில் மரம் முழுதும் உலராது. கனத்த மரம் தாழ்ந்து மிதக்கும், துடுப்புக்கு மெல்லவே அசையும். வாடைக்காலத்தின் இடையூறு காற்றும் அலையும் மட்டுமன்று என்பதை இச்சிறு செய்தி உணர்த்தும்.

சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைக் குறித்து 1920களில் எழுதியவை இவ்வகையில் விதிவிலக்கு. இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய அவரது 1920ஆம் ஆண்டு ஆய்வும் கட்டுமரத்தை வளர்ச்சியடையாத கலமாகத் தள்ளாமல், அதன் வடிவத்தையும் பயன்பாட்டையும் ஆராய்கிறது. அவருக்கு முன்னரே பிரடெரிக் நிக்கல்சன் 1905இல் தொடங்கிய மீன்வள ஆய்வுப்பணி இதற்கு வழியமைத்தது.

‘மீன்பிடி குறைவுக் காலம்’

1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட செயற்கைத் துறைமுகம் 1881 நவம்பர்ப் புயலில் பெரிதும் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டது. அதன்பின் கட்டுமரத்தின் கூலிப்பணி படிப்படியாக மறைந்தது. துறைமுகச் சுவர் கடலோர மணலின் வடதிசை நகர்வைத் தடுத்ததால் தெற்கே மெரினாவின் மணற்பரப்பு அகன்றது. வடக்கே இராயபுரம் அரிப்புக்கு உள்ளாயிற்று. அகன்ற அம்மணலில்தான் குப்பத்தாரின் மரங்களும் வலைகளும் உலர்ந்தன. 1985இல் மெரினாவை அழகுபடுத்தும் நோக்கில் அவற்றை அகற்ற அரசு முனைந்தது, மீனவர் எதிர்த்தனர், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒரு காலத்தில் பதக்கம் பெற்ற மரம் இப்போது காட்சிக்கு இடையூறு எனக் கருதப்பட்டது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தை விரைந்து நிரப்பின. வேகமும் எல்லையும் கூடின. எரிபொருட் செலவும் கூடிற்று. கரை மறைந்தாலும் பாரைக் காட்டும் கருவி இன்று கைக்குள் அடங்குகிறது.

அரசின் நாட்காட்டி கிழக்குக் கரைக் கடலை இருவகையாகப் பகுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, மீன் இனப்பெருக்கத்தை முன்னிட்டு விசைப்படகுகளுக்கு உரியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘மீன்பிடி குறைவுக் காலம்’ எனப்பட்டு, மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணத்தொகை வழங்கப்படுகிறது. தொகை தேவையானதே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ‘குறைவு’ என்பது கடலின் தன்மையா, கலத்தின் தன்மையா என்பதை அத்தொடர் பிரித்துக் கூறவில்லை. இழுவலைக்கும் கரைவலைக்கும் குறைந்த காலம், பாரின்மேல் நின்ற இருவருக்கு அதே அளவில் குறைந்ததா என்பது தனியே கணக்கிடப்பட வேண்டியது. கரைசேரும் மீன் எடையை மொத்தமாகத் தொகுக்கும் புள்ளிவிவரத்தில், ஒரு கூடைச் சங்கராவுடன் அலை கடந்து திரும்பிய மரம் ஏறத்தாழச் சுழியமாகவே பதிவாகும்.