படகுக்கு எந்த அடுப்பு: கேஸா, பம்ப் ஸ்டவ்வா?

எங்கள் ஊர் காரைக்குடியில் கடல் இல்லை. ஆனால் தேவகோட்டை தாண்டித் தொண்டிக்குப் போனால் பாக் விரிகுடா. இரவு தங்கிப் பிடிக்கும் சிறு படகில் சோறு பொங்க இரண்டு அடுப்புகள் கைக்கு எட்டுகின்றன: கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ். கரையில் எது பாதுகாப்பு என்று யாரும் கேட்பதில்லை, கேஸ்தான். படகில் ஏறியதும் அந்த விடை ஆட்டம் காண்கிறது.

காரணம் கேஸின் கனம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பியூட்டேன் இரண்டு மடங்கு. செட்டிநாட்டு வீட்டில் அடுப்படி கடைசிக் கட்டில் இருக்கும். பின்வாசல் உண்டு, தண்ணீர் ஓட மடை உண்டு. கசிந்த கேஸ் தரையோடு தரையாக வெளியேற வழி இருக்கிறது. படகின் அடிப்பகுதி மூடிய தொட்டி. கசிவு பலகை இடுக்கு வழியாக இறங்கி, இன்ஜினைச் சுற்றித் தேங்கும். காற்றில் கேஸ் ஏறக்குறைய 2 முதல் 9.5 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அந்தப் பொறி கிடைத்துவிடும். கசிவு மூக்குக்குத் தெரிவதற்காகத்தான் கேஸில் மெர்காப்டன் நாற்றம் சேர்க்கிறார்கள். டீசலும் மீனும் மணக்கும் படகில், காலுக்குக் கீழே தேங்கியதை மூக்கு தவறவிட்டுவிடும்.

பம்ப் ஸ்டவ்வின் ஆபத்து கண்ணுக்கு முன்னால் இருக்கும். 1892-இல் சுவீடனின் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வழி வந்தது இது. பர்னரைச் சூடேற்றி, பம்ப் அடித்து, பின் போட்டு அடைப்பெடுத்துப் பற்றவைக்க வேண்டும். பர்னர் சூடேறும் முன் அவசரப்பட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் பீய்ச்சி, ஆளுயரத்துக்கு மஞ்சள் தீ எழும். எரியும்போதே மண்ணெண்ணெய் ஊற்றியும், பெட்ரோல் கலந்ததை ஊற்றியும் கருகியவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அதனால் மண்ணெண்ணெயைச் சாது என்று நான் சொல்லமாட்டேன். அது பற்றும் நிலைக்கு வரும் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே தொடங்குகிறது. சித்திரை வெயிலில் படகுத் தளம் அதைத் தாண்டிவிடும். ஆனாலும் சிந்திய மண்ணெண்ணெய் சிந்திய இடத்திலேயே கிடக்கும், துடைக்கலாம். கசிந்த கேஸைத் துடைக்க முடியாது.

உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்ட எங்கள் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி), கடல் அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு பிரிவு வைத்திருக்கிறது. அரிப்பு அவ்வளவு பெரிய விஷயம். பித்தளைத் தொட்டி உள்ள ஸ்டவ் உப்பைத் தாங்கும். கேஸில் சிலிண்டரும் ரப்பர் குழாயைப் பிடிக்கும் கிளிப்பும் இரும்பு; துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். சோப்பு நுரை தடவி இணைப்பைப் பார்ப்பதை வீட்டில் எப்போதாவது செய்கிறோம்; படகில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் செய்ய வேண்டும்.

ஆட்டம் இரண்டுக்கும் பொது. அடுப்பைத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கி, பாத்திரம் நழுவாதபடி சுற்றிலும் கம்பி வைக்காவிட்டால், தீப்பிடிப்பதற்கு முன்பே கொதிக்கும் கஞ்சி ஆளைச் சுட்டுவிடும். பொங்கி வழிந்து தீ அணைந்தால் கேஸ் தொடர்ந்து வரும். தீ அணைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு உள்ள அடுப்பைத்தான் வாங்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. மேல்தளத்தில் காற்றோட்டமான இடத்தில், கசிந்தது கடலுக்குள் வழியும்படி அடியில் துளையிட்ட பெட்டியில் வைக்க முடிந்தால், 5 கிலோ சிலிண்டரோடு கேஸ் அடுப்பே நல்லது. சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத படகில் பம்ப் ஸ்டவ்தான். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஈரச்சாக்கும் இருக்கட்டும். மண்ணெண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. படகுக்காரர்களே, சிலிண்டரைத் தளத்துக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள்.